கடைசி வீட்டிலிருந்து தொடங்குங்கள்: நீலகிரியில் மக்கள் ஆரோக்கியத்துக்குக் கூட்டணி கட்டும் வழி

பந்தலூர்ப் பக்கம் நாங்கள் முதன்முதலில் வைத்த மருத்துவ முகாம் ஒரு புதன்கிழமை, காலை 11 மணிக்கு, கடைவீதிச் சமுதாயக் கூடத்தில் நடந்தது. பந்தல், நாற்காலி, சர்க்கரை பார்க்கும் கருவி, டாக்டர் எல்லாம் நேரத்துக்கு வந்தாயிற்று. நல்ல கூட்டம். சாயந்தரம் பதிவேட்டைப் புரட்டியபோதுதான் கீழே ஓடைக்கரையில் இருக்கும் பணியர் பழங்குடிக் காலனியிலிருந்து ஒரு பெயர்கூட இல்லை என்று தெரிந்தது. நடந்தால் அரை மணி நேரம்தான். மறுநாள் போய்க் கேட்டோம். ஒரு பாட்டி கட்டன் சாயாவை டம்ளரில் ஊற்றிக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "புதன்கிழமை இஞ்சிக்காட்டு வேலை. போகலைன்னா கூலி இல்ல. வந்தாலும் அங்க எங்க உக்காரணும்னு எங்களுக்குத் தெரியாது."

கூலி விஷயம் எங்களுக்குப் புரிந்தது, கிழமையை மாற்றினால் தீர்ந்துவிடும். உட்காரும் இடம் பற்றி அவர் சொன்னது அப்படித் தீருவதில்லை. முகாமைத் திட்டமிட்ட மேசையில் அந்தக் காலனியிலிருந்து ஒருவர்கூட இல்லை. கூட்டணி என்று நாங்கள் சொல்லிக்கொண்டது, ஏற்கெனவே ஒருவரையொருவர் தெரிந்த நாலு பேரின் சந்திப்பு மட்டுமே.

எல்லோருக்கும் ஒரே இடத்தில் ஒரே முகாம் வைப்பது பார்க்கச் சமமாகத் தெரியும். மலையில் அது சமம் ஆகாது. ரோட்டோரம் வீடு இருப்பவருக்குப் பத்து நிமிடம், சரிவில் இருப்பவருக்கு ஒரு நாள் கூலி. யாருக்கு வழி தூரமோ அவருக்கு அதிகமாகச் செய்தால்தான் முடிவில் இருவரும் ஒரே இடத்துக்கு வருவார்கள். அதைத் தனியாக எந்தத் துறையாலும், எந்தச் சங்கத்தாலும் செய்ய முடியாது. அதனால்தான் கூட்டணி வேண்டும். இப்படி ஒன்றை உங்கள் பகுதியில் தொடங்க நினைக்கிறவர்களுக்காக, நாங்கள் தடுக்கி விழுந்து கற்றதை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: நடந்து பாருங்கள், நேரத்தை எழுதுங்கள்

வரைபடத்தை அலுவலகத்தில் உட்கார்ந்து போடாதீர்கள். ஊராட்சியின் கடைசி வீடு எது என்று கேட்டு, அங்கிருந்து மேல்நோக்கி நடந்து வாருங்கள். மூன்று நான்கு பேர் போதும். அதில் ஒருவராவது அந்தக் குடியிருப்பைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். பத்துப் பேராகப் போனால் அது ஆய்வுக் குழு வருகிற மாதிரி ஆகிவிடும், யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

கிலோமீட்டரை விட்டுவிடுங்கள். மலையில் அது எதையும் சொல்லாது. கர்ப்பிணிப் பெண் நடக்க எவ்வளவு நேரம், ராத்திரி ஆளைத் தூக்கி வர எவ்வளவு நேரம், மழையில் ஓடை பெருகினால் எத்தனை நாள் வழி அடைபடும், எந்தத் திருப்பத்தில் போன் சிக்னல் கிடைக்கிறது, யானை இறங்கும் தடம் எது: இவற்றைக் குறியுங்கள். 108-க்குப் போன் செய்ய எங்கே ஏறி நிற்க வேண்டும் என்பது அந்த ஊர்க் குழந்தைக்குக்கூடத் தெரியும். நம் பதிவேடுகளில் அது இருக்காது.

படத்தை முற்றத்தில் தரையில் வரையச் சொல்லுங்கள். சாம்பல், கூழாங்கல், தேயிலைக் குச்சி என்று கையில் கிடைப்பது போதும். எங்கள் பக்கம் ஒரு பெண் கூழாங்கற்களால் வீடுகளை வைத்தார். பிறகு நான்கு வீடுகளின் மேல் மட்டும் காய்ந்த இலையை வைத்தார். என்ன என்று கேட்டோம். கரண்ட் இல்லாத வீடுகள். நிலம் 'செக்‌ஷன் 17' நிலம். கூடலூரில் பரம்பரை நிலக்கிழார் உரிமையான ஜன்ம முறையை ஒழிக்க 1969-இல் வந்த சட்டத்தின் 17-ஆம் பிரிவில் அடங்கிய நிலங்களின் உரிமை இன்னும் தீராமல் இழுத்துக்கொண்டே இருக்கிறது. பட்டா இல்லாததால் மின் இணைப்பும் இல்லை. அந்த நான்கில் ஒரு வீட்டில் இன்சுலின் போட்டுக்கொள்ளும் பெரியவர் இருந்தார். மருந்தை ஈர மணலில் பானைக்குள் வைத்திருந்தார். நோய் சுகாதாரத் துறையில் பதிவாகிறது, அதன் காரணம் வருவாய்த் துறையிலும் வனத்துறையிலும் மின்வாரியத்திலும் கிடக்கிறது. யாரையெல்லாம் கூட்டணிக்குக் கூப்பிட வேண்டும் என்பதை அந்த இலைகளே எங்களுக்குச் சொல்லிவிட்டன.

இந்த மாவட்டத்தில் ஒரு சரிவுக்கும் அடுத்த சரிவுக்கும் மொழியே மாறும். தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்றவை என்று அரசு வகைப்படுத்திய பழங்குடிகள் ஆறும், அதாவது தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் எல்லோரும் இங்கே வாழ்கிறார்கள். படுகர் ஊர்களான ஹட்டிகள் இருக்கின்றன. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயின் லைன் வீடுகளில் குடியேறியவர்கள் இருக்கிறார்கள். கூடலூர்ப் பக்கம் மலையாளம் பேசும் குடும்பங்கள் ஏராளம். அதனால் 'மக்கள் என்ன சொல்கிறார்கள்' என்று ஒற்றைக் கேள்வி கேட்டு ஒற்றைப் பதிலை எழுதிக்கொண்டு வராதீர்கள்.

இரண்டாம் படி: ஏற்கெனவே யார் வேலை செய்கிறார்கள்?

புதிதாக ஒரு அமைப்பைப் பதிவு செய்வதற்கு முன்னால் இதைப் பாருங்கள். கோத்தகிரியில் நீலகிரி ஆதிவாசிகள் நலச் சங்கம் 1958 முதல் மருத்துவப் பணி செய்கிறது. கூடலூரில் ஆதிவாசி முன்னேற்ற சங்கத்தோடு சேர்ந்து வளர்ந்த 'அஸ்வினி' அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனை 1990-இல் தொடங்கியது. ஆதிவாசிப் பெண்களுக்கே நர்ஸ் பயிற்சி கொடுத்து, ஊர்தோறும் சுகாதாரப் பணியாளர்களை உருவாக்கி, 1992-இலேயே சமூக மருத்துவக் காப்பீட்டையும் கொண்டுவந்தார்கள். நோயாளியின் மொழியைப் பேசுகிறவர் வார்டில் நின்றால் பாதி பயம் போய்விடும் என்பதை இந்த மலையில் நடத்திக் காட்டியவர்கள் அவர்கள். இப்படிப்பட்டவர்கள் பக்கத்தில் இருக்கும்போது அவர்களைக் கேட்காமல் புதுக் கடை விரிப்பது மக்களின் நேரத்தை வீணாக்கும்.

அரசு பக்கத்தில் கிராம சுகாதார செவிலியர், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலர், அங்கன்வாடிப் பணியாளர், ஆஷா, மக்களைத் தேடி மருத்துவத்தின் பெண் தன்னார்வலர் ஆகியோர் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் பி.பி., சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் திட்டம். உங்கள் கடைசி வீட்டுக்கு அது வருகிறதா என்று பாருங்கள். மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 20,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது விதி. சமவெளியில் இது 5,000, 30,000. எண்ணிக்கை குறைவு என்பதால் செவிலியரின் பாடு குறைவு என்று நினைக்க வேண்டாம். அந்த 3,000 பேரும் எத்தனை சரிவுகளில் பரந்து கிடக்கிறார்கள் என்று அவரோடு ஒரு நாள் நடந்தால் தெரியும்.

பட்டியலில் சாதாரணமாக விடுபடுகிறவர்களைத்தான் நான் முதலில் எழுதுவேன். ராத்திரி யார் கூப்பிட்டாலும் வண்டியை எடுக்கும் ஜீப் டிரைவர். வேட்டைத் தடுப்புக் காவலர், பெரும்பாலும் அதே பழங்குடி இளைஞர். அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியின் சமையல்கார அம்மா. ரேஷன் கடைக்காரர், மாதத்தில் ஒரு நாளாவது எல்லாக் குடும்பமும் அவர் முன்னால் வந்து நிற்கும். தோட்டத்துச் சூப்பர்வைசர். அப்புறம் மூலிகை கொடுக்கும் பெரியவர். அவரை ஒதுக்கிவிட்டு நடத்தும் எந்த வேலையும் குறும்பர், காட்டுநாயக்கர் ஊர்களில் நிற்காது. பாம்புக்கடி, தொடர் காய்ச்சல், பிரசவ வலி என்றால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று அவரோடு பேசி ஒப்புக்கொள்ளுங்கள். மற்றதில் அவர் வைத்தியத்தை மதியுங்கள்.

மூன்றாம் படி: ஒரே ஒரு வேலையைப் பிடியுங்கள்

எல்லாத் துறையையும் கூட்டி 'முழுமையான ஆரோக்கியம்' என்று பலகை வைத்தால் மூன்றாவது கூட்டத்துக்கு ஆள் வராது. அந்தக் கடைசி வீட்டை அதிகமாக வருத்துவது எதுவோ, அந்த ஒன்றை எடுங்கள். ஒன்றைச் சேர்ந்து முடித்தால்தான் ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை வரும்.

கூட்டணி என்றால் நடைமுறையில் என்ன என்பதற்குச் சிக்கிள் செல் நோயை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோய் இது. இந்தியாவில் இந்த அரிவாள் செல் மரபணு 1952-இல் முதன்முதலாகப் பதிவான இடங்களில் நீலகிரியும் ஒன்று. பணியர், இருளர், குறும்பர் குடும்பங்களில் இதை அதிகம் பார்க்கிறோம். தாய், தந்தை இருவருக்கும் இந்த மரபணு ஒன்று ஒன்று இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வருவதற்கு நாலில் ஒரு வாய்ப்பு. ஒரு மரபணு மட்டும் உள்ளவர் நோயாளி இல்லை, சாதாரணமாக வாழலாம். 2047-க்குள் இதை ஒழிக்கும் இலக்கோடு 2023 ஜூலை 1-இல் தேசிய இயக்கம் தொடங்கியிருக்கிறது. 40 வயது வரை உள்ளவர்களுக்கு ரத்தப் பரிசோதனை நடக்கிறது.

சரி, பரிசோதனை முடிந்து ஒன்பது வயதுப் பெண் குழந்தைக்கு நோய் உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய ஒரு வருடத்தை மனதில் ஓட்டிப் பாருங்கள். தினம் ஃபோலிக் ஆசிட் மாத்திரை வேண்டும். டாக்டர் எழுதினால் ஹைட்ராக்ஸியூரியாவும், அதற்கு அவ்வப்போது ரத்த அணு எண்ணிக்கைப் பரிசோதனையும் வேண்டும். குளிர், உடம்பில் தண்ணீர் வற்றுதல், காய்ச்சல் மூன்றும் அவளுக்கு எலும்பைப் பிடுங்கும் வலியைக் கொண்டுவரும். கூடலூர், தேவாலா பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நனையாமல் பள்ளிக்கூடம் போக முடியாது. அப்படியென்றால் மருந்து செவிலியரின் வேலை, கம்பளியும் மழைக்கோட்டும் சுயஉதவிக் குழுவின் வேலை. வகுப்பில் அடிக்கடி தண்ணீர் குடிக்கவும் வெளியே போகவும் அவளை விடுவது ஆசிரியரின் வேலை. காய்ச்சல் அடித்த அன்றைக்கே சேதி சொல்வது விடுதிச் சமையல்கார அம்மாவின் வேலை. ராத்திரி வலி வந்தால் ஜீப் டிரைவர், செக்போஸ்டைத் திறக்க வனக்காவலர். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சிக்கிள் செல் நோயும் சேர்ந்திருப்பதால், சான்றிதழுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது சங்க இளைஞரின் வேலை. குழந்தையின் அம்மாவுக்குக் கூலிநாள் போகாமல் பரிசோதனைத் தேதி வைப்பது மருத்துவ அலுவலரின் வேலை. எட்டுப் பேர், ஒரு குழந்தை. இதில் ஒரு கை விட்டாலும் அவள் வார்டில்தான் போய்ச் சேருவாள்.

உங்கள் பகுதியில் அது ரத்தசோகையாக இருக்கலாம், தோட்டத் தொழிலாளரின் பி.பி.யாக இருக்கலாம், குடியாக இருக்கலாம், குடிநீராக இருக்கலாம். ஒருவரின் ஒரு வருடத்தை இப்படி ஓட்டிப் பார்த்தால் யார் யார் தேவை என்பது தானாக வெளியே வரும்.

நான்காம் படி: ஒவ்வொருவரிடமும் அவரவர் வழியில் போங்கள்

மருத்துவ அலுவலரைப் புறநோயாளிகள் வரிசை நிற்கும்போது போய்ப் பார்க்காதீர்கள். மதியத்துக்கு மேல் போங்கள். குறை சொல்லும் மனுவோடு போகாமல், நீங்கள் நடந்து எடுத்த படத்தோடு போங்கள். 'இந்த மூன்று குடியிருப்புகளில் தடுப்பூசி விடுபட்ட குழந்தைகள் இவர்கள், நாங்கள் ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் ஒரே இடத்தில் வைத்திருக்கிறோம், செவிலியரை அனுப்ப முடியுமா?' என்று கேளுங்கள். அவருடைய வேலையை எளிதாக்கும் ஆளை அவர் திரும்பவும் கூப்பிடுவார்.

ஊராட்சியில் வாய்ப்பேச்சு நிற்காது, தீர்மானம் வேண்டும். தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் கிராம சபை வருடத்தில் ஆறு நாள் கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முன்னதாகவே எழுதிக் கொடுங்கள். எழுதும் விதம் இப்படி இருக்கலாம்:

"எங்கள் ஊராட்சியின் இந்தக் குடியிருப்பிலிருந்து துணை சுகாதார நிலையத்துக்கு நடக்க ஒன்றரை மணி நேரம் ஆகிறது. நடமாடும் மருத்துவக் குழு மாதம் இருமுறை இங்குள்ள அங்கன்வாடிக்கு வர வேண்டும் என்றும், வண்டி வரும் மண்பாதையை மே மாதத்துக்குள் சீர்செய்ய வேண்டும் என்றும் இச்சபை தீர்மானிக்கிறது."

எந்தக் குடியிருப்பு, எந்த வேலை, எந்த மாதத்துக்குள் என்ற மூன்றும் இருக்கட்டும். 'மருத்துவ வசதி மேம்படுத்தப்பட வேண்டும்' என்று பொதுவாக எழுதினால் யாரும் எதையும் செய்ய வேண்டியதில்லை. ஒன்று கவனியுங்கள். நீலகிரியில் கிராம ஊராட்சிகள் 35 மட்டுமே. ஓவேலி, தேவர்சோலை, நடுவட்டம் போல நிறைய இடங்கள் பேரூராட்சிகள், அங்கே இந்தக் கிராம சபை கிடையாது. வார்டு உறுப்பினர் வழியாகவோ பகுதி சபை வழியாகவோ போக வேண்டும். எங்கள் ஆட்கள் ஒரு தடவை நல்ல மனுவைத் தவறான வாசலில் கொடுத்துவிட்டு நாலு மாதம் காத்திருந்தார்கள்.

வனத்துறையிடம் பாதை, மின்கம்பி, அங்கன்வாடிக் கட்டடம் என்று கேட்டால் 'காட்டு நிலம், முடியாது' என்ற பதில்தான் முதலில் வரும். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, குடிநீர், சாலை, மின்கம்பி போன்ற அரசு வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட வன நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல், கிராம சபை பரிந்துரைத்தால் ஒதுக்கலாம் என்கிறது அது. இதைச் சண்டையாகக் கொண்டுபோக வேண்டாம். ரேஞ்சர் தன் மேலதிகாரிக்குக் காட்டுவதற்கு ஒரு பிடிமானமாகக் கொண்டுபோங்கள்.

தோட்ட நிர்வாகத்துக்கு, தொழிலாளியின் மருத்துவமும் பிள்ளைக் காப்பகமும் 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டக் காலத்திலிருந்தே பொறுப்பாக இருந்துவருகின்றன. அதை நினைவுபடுத்தலாம். ஆனால் நான் முதலில் கேட்பது சின்ன விஷயம்: இலை நிறுக்கும் இடத்தில் மாதம் ஒரு முறை பி.பி. பார்க்க அரை மணி நேரம். நிறுப்புக்கு எப்படியும் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள்.

ஐந்தாம் படி: கூட்டத்தை யார் இடத்தில் வைக்கிறீர்கள்?

இதில்தான் எங்கள் கூட்டணி பிழைத்தது. சமுதாயக் கூடத்தை விட்டுவிட்டு, ஓடைக்கரைக் காலனியின் பலா மரத்தடிக்கு மாறினோம். ஞாயிற்றுக்கிழமை, மதியம் 2 மணி. நாலரைக்குள் முடித்தாக வேண்டும், யானை வழியில் நிற்கும். பாட்டிதான் பாய் விரித்தார். மருத்துவ அலுவலர் வந்து நின்று, "நான் எங்கேம்மா உட்காரட்டும்?" என்று அவரிடம் கேட்டார். பாட்டி வேர் பக்கம் கையைக் காட்டினார். அன்றைக்குத்தான் அந்தக் காலனிப் பெண்கள் முதல் தடவையாகக் கூட்டத்தில் வாய் திறந்தார்கள். பிரசவத்துக்குப் போன இடத்தில் தங்கள் பேச்சு யாருக்கும் புரியாமல் இரண்டு நாள் மௌனமாகப் படுத்திருந்ததைச் சொன்னார்கள். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே முக்கியமில்லை. அதன் பிறகு ஒவ்வொரு பிரசவத்துக்கும் துணைக்குப் போக, பணிய மொழியும் தமிழும் தெரிந்த இரண்டு பெண்களைக் கூட்டணி நியமித்தது.

நடைமுறையில் மூன்று பழக்கங்கள் உதவின. முதல் பேச்சு குடியிருப்புக்காரருடையது, அதிகாரிகள் கடைசியில் பேசுவார்கள். இரண்டாவது, முடிவு எடுக்கும்போது ஊர்ப் பெண்கள் பாதிப் பேராவது இருக்க வேண்டும், இல்லையென்றால் முடிவு அடுத்த வாரத்துக்குப் போகும். மூன்றாவது, அங்கேயே நின்று மொழிபெயர்ப்பது. மெதுவாகத்தான் போகும். பொறுக்க வேண்டும். டீயும் பொரியும் கட்டாயம். கூலி விட்டு வருகிறவர்களுக்கு அன்றைய கூலியைக் கொடுங்கள். சம்பளம் வாங்கும் நாம் கூட்டத்துக்குச் சம்பளத்தோடு வருகிறோம், அவர்கள் மட்டும் சேவையாக வர வேண்டும் என்பது நியாயமில்லை.

ஆறாம் படி: ஒரே தாளில் எழுதுங்கள்

வக்கீல் எழுதுகிற மாதிரிப் பத்துப் பக்க ஒப்பந்தம் தேவையில்லை. ஒரு தாள். இடது பக்கம் வேலை, நடுவில் ஆள், வலது பக்கம் தேதி. அடியில் எல்லோர் கையெழுத்தும், எழுதத் தெரியாதவர் கைநாட்டும். ஒரு பிரதி ஆரம்ப சுகாதார நிலையத்தில், ஒன்று ஊராட்சியில், ஒன்று அங்கன்வாடிச் சுவரில். வாசிக்கத் தெரியாதவர்கள் இருக்கும் இடத்தில் படம் வரைந்து ஒட்டுங்கள்.

எந்தத் தாளிலும் எழுத மறப்பது ஜீப்புக்கு டீசல் யார் போடுவது என்பது. ராத்திரி இரண்டு மணிக்கு வண்டி எடுத்த டிரைவருக்கு அடுத்த வாரம் வரை காசு வராவிட்டால், மூன்றாவது அழைப்புக்கு அவர் போனை எடுக்க மாட்டார். அவர்மேல் தப்பில்லை. எங்களிடம் அதற்கென்றே ஒரு தகர டப்பா இருக்கிறது. சுயஉதவிக் குழுத் தலைவியிடம் சாவி. மறுநாள் காலை பணம் போய்ச் சேர வேண்டும், கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பணம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கிராம சுகாதாரக் குழுவுக்கு வருடம் 10,000 ரூபாய் வரை நிபந்தனையற்ற நிதி உண்டு, அது எங்கே போகிறது என்று கேளுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். கூடலூர்க்காரர்கள் அவசரத்துக்கு வயநாட்டுக்கும் கோழிக்கோட்டுக்கும் ஓடுவது வழக்கம் என்பதால், எந்த ஆஸ்பத்திரியில் அட்டை செல்லும் என்ற பட்டியலை முன்கூட்டியே வாங்கி டிரைவரிடம் கொடுத்துவிடுங்கள். வெளியிலிருந்து நன்கொடை வந்தால், முதல் செலவு ஊர் சுகாதாரப் பணியாளரின் ஊதியம். பேனருக்கும் டி-ஷர்ட்டுக்கும் கேட்டால் திருப்பி அனுப்புங்கள். புகையிலை, மது வியாபாரத்திலிருந்து வரும் காசை வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. குடியால் உடைந்த வீட்டில் அந்தக் காசில் வாங்கிய மருந்தைக் கொடுக்க எனக்கு மனம் வராது.

ஏழாம் படி: ரகசியம் காப்பது

பலர் சேர்ந்து வேலை செய்யும்போது ஒரு ஆபத்து வருகிறது. எட்டுப் பேருக்கு ஒருவரின் நோய் தெரிந்துவிடும். சிக்கிள் செல் மரபணு இருப்பது வெளியே தெரிந்து கல்யாணம் நின்றுபோன பெண்களை நான் பார்த்திருக்கிறேன். காசநோயும் மனநலமும் இன்னும் கஷ்டம். அதனால் பெயர்ப் பதிவேடு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மட்டும் இருக்கட்டும். கூட்டத்தில் எண்ணிக்கை மட்டும் பேசுங்கள். பத்து வீடுதான் உள்ள குடியிருப்பு என்றால் எண்ணிக்கைகூட ஆளைக் காட்டிக்கொடுக்கும், அங்கே அதையும் பேசாதீர்கள். ஆசிரியருக்கு 'இந்தக் குழந்தை நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், நனையக் கூடாது' என்பது தெரிந்தால் போதும். நோயின் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பதை அம்மா முடிவு செய்யட்டும்.

வாட்ஸ்அப் குழுவில் நோயாளியின் படம் வரவே கூடாது. முகாமில் மருந்து வாங்கும் பாட்டியைப் படமெடுத்துப் போடும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள். ஆய்வுக்கு என்று யார் வந்து ரத்தம் எடுக்கக் கேட்டாலும், முடிவை ஊருக்குத் திரும்ப வந்து சொல்வோம் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் சம்மதம் பற்றிப் பேச்சு. தங்கள் ரத்தம் எங்கே போயிற்று என்று தெரியாத பெரியவர்கள் இந்த மலையில் நிறையப் பேர்.

எட்டாம் படி: எதை அளப்பது?

எத்தனை முகாம், எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணினால் ரோட்டோரம்தான் திரும்பத் திரும்ப எண்ணப்படும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முதல் படியில் குறித்த அந்தக் கடைசி வீடுகளுக்குத் திரும்பப் போங்கள். மாத்திரை தீர்ந்த நாளுக்கும் அடுத்தது வந்த நாளுக்கும் இடையே எத்தனை நாள்? கடைசியாக ராத்திரி அவசரம் வந்தபோது வண்டி வர எவ்வளவு நேரம் ஆனது? ஆஸ்பத்திரியில் யாராவது உங்கள் பேச்சில் பேசினார்களா? எங்கள் சுற்றில் முதல் இரண்டும் சீக்கிரம் சரியாயின. மூன்றாவது இன்னும் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். ஊட்டியில் 2025-இல் 700 படுக்கைகளோடு புது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்தது பெரிய நிம்மதி. கோயம்புத்தூர் வரை இறங்க வேண்டியதில்லை. ஆனால் கூடலூரிலிருந்தே அது 50 கிலோமீட்டர், மலைப்பாதை. வாசலில் காத்திருந்து, பேச்சுத் தெரிந்து, வார்டு வரை கூட்டிப்போகும் ஆள் தேவை. அடுத்த ஒப்பந்தத் தாளில் எங்கள் முதல் வரி அதுதான்.

ஆள் மாறும்போது

நல்ல மருத்துவ அலுவலர் மாற்றலாகிப் போவார். நல்ல ரேஞ்சரும் போவார். அவர்களின் நல்ல மனதை மட்டும் நம்பிக் கட்டிய கூட்டணி அன்றோடு சரிந்துவிடும். எங்களுக்கே ஒரு தடவை அப்படி ஆகி, ஞாயிறு தடுப்பூசி ஐந்து மாதம் நின்றது. அதன் பிறகு மாற்றல் உத்தரவு வந்த வாரமே, போகிறவரையும் வருகிறவரையும் ஒரே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கடைசி வீடு வரை போகிறோம். தாளில் பழைய கையெழுத்துக்குப் பக்கத்தில் புதுக் கையெழுத்து. ஊர் சுகாதாரப் பணியாளர் தன் பதிவேட்டைத் தானே விளக்குவார், நாங்கள் நடுவில் பேசுவதில்லை.

புதிதாக வருகிறவரை மே மாதத்துக்குள் கூட்டிப் போய்விடுங்கள். ஜூனில் மழை பிடித்தால் ஓடையைத் தாண்ட முடியாது. ஒரு பொட்டலம் உப்பு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், கோடை மழை பெய்திருந்தாலே பலா மரத்துப் பக்கம் அட்டைப்பூச்சி வந்துவிடும்.